மூன்று தட்டு… பிறகு ஒன்று

பேய் இரவில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலில். செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. ஆறு குழல்விளக்கு எரிகிற அறையில். நான் அரைத்தூக்கத்தில் இல்லை. காய்ச்சலில் பிதற்றவில்லை. யாரும் டீயில் எதையும் கலந்து கொடுக்கவில்லை. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அந்தக் கட்சிதான். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "அது எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன்.

அதற்குக் காரணம் என் வேலை. சிறிய விமானங்கள் வந்துபோகும் ஒரு விமானத்தளத்தில் கருவிகளைப் பழுது பார்ப்பவள் நான். ஊசி ஒரு கோடு தள்ளி நின்றால், ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஊசி சும்மா நகராது, ஒரு காரணம் இருக்கும். பதினோரு வருடம் இதை நம்பித்தான் பிழைத்தேன்.

நடந்தது புரிய வேண்டுமானால் உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், பரீட்சை வைக்க மாட்டேன்.

விமானம் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று உயரமானி சொல்லும். எப்படிச் சொல்கிறது? கீழே எட்டிப் பார்த்து இல்லை. காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான். மேலே போகப் போக அழுத்தம் குறையும். உயரமானிக்குள் பிஸ்கட் அளவில், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட மெல்லிய தகட்டு டப்பி ஒன்று இருக்கிறது. வெளி அழுத்தம் குறைந்தால் அது உப்பும். அது உப்பினால் ஊசி சுற்றும். அவ்வளவுதான் ரகசியம். அந்த வெளிக்காற்று, விமானத்தின் இரண்டு விலாவிலும் இருக்கிற குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் வழியாகத்தான் உள்ளே வரும். வேகத்தைக் காட்டும் கருவிக்கும் அதே ஓட்டைதான் பாதிக் கண். விமானத்தின் முன்பக்கம் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று தள்ளுமே, அதே மாதிரி எதிர்க்காற்று அந்தக் குழாயில் வந்து மோதும். மோதுகிற அழுத்தத்திலிருந்து, விலா ஓட்டை வழியாக வருகிற சாதாரண அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது வேகம்.

அந்த இரண்டு ஓட்டையும் அடைபட்டால்? விமானம் ஏறும், ஊசி ஏறாது. வேகமும் பொய் சொல்லும். வானம் தெளிவாக இருந்தால் விமானி வெளியே பார்த்துச் சமாளித்துக்கொள்வார். மேகத்துக்குள் இருந்தால் அவருக்கு அந்த ஊசிகளை விட்டால் வேறு கண் கிடையாது.

இது முதல் விஷயம். இரண்டாவது, கழுவுவது. விமானத்தைக் கழுவும்போது அந்த ஓட்டைகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது. அதற்கென்று சிவப்பு மூடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முழத்துக்குச் சிவப்பு ரிப்பன் தொங்கும், கண்ணில் படுவதற்காக. கழுவி முடித்ததும் இரண்டையும் எடுத்து, விமானங்களை நிறுத்தும் ஹேங்கரின் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். விமானம் பறக்கத் தயார் என்று கையெழுத்துப் போடுபவர் முதலில் கொக்கியில் ரிப்பனை எண்ண வேண்டும். பிறகு விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தொட வேண்டும். கொக்கியை எண்ணு, ஓட்டையைத் தொடு. இதுதான் விதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு நான் கொக்கியை எண்ணினேன். இரண்டு ரிப்பன். சரி. கையெழுத்துப் போட்டேன்.

ஓட்டையைத் தொடவில்லை.

ஏன் என்று என்னையே ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. விமானத்தை ஏற்கெனவே வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். குடை இல்லை. சோம்பல். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடக் கொக்கி பொய் சொன்னதில்லை. இதற்குமேல் நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அந்த விமானத்தை ஓட்டப்போவது என் தம்பி.

தம்பி என்றால் பேருக்குத்தான் தம்பி. ஒன்பது வயது இளையவன். அம்மா வேலைக்குப் போன நாட்களில் அவனுக்கு ஊட்டிவிட்டது, தலை சீவிவிட்டது, ராத்திரி இருமினால் எழுந்து உட்கார்ந்தது எல்லாம் நான்தான். விமானியாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை பக்கத்தில் ஒரு மூத்த விமானி இருப்பார். அன்றுதான் முதல் தடவையாகத் தனியாக, மேகத்துக்குள் ஏறி, விமானத்தைச் சொந்தக்காரரிடம் கொண்டுபோய் விட வேண்டும். கிளம்பும் நேரம் பன்னிரண்டு பதினைந்து. ஹேங்கருக்குள் கூண்டுக்கோழி மாதிரி அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். எல்லாம் பார்த்துவிட்டாயா என்று மூன்று தடவை கேட்டான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ரெண்டு ரிப்பனும் கொக்கியில தொங்குது. கையெழுத்தும் போட்டாச்சு. போடா, போய் டீ குடி."

போய்விட்டான். கிளம்புவதற்கு முன் விமானியும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் விதிதான். அவனும் பார்த்திருப்பான். தூறலில், தலையில் கையை வைத்துக்கொண்டு, வேக வேகமாக. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்ற தைரியத்தில்.

காலை பத்தரை. என் மேசைக்கு ஒரு உயரமானி வந்தது. பழைய உதிரிப்பாகம் விற்பவரிடமிருந்து வாங்கியது. சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் எடுத்து வைக்க வேண்டும். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜுரம். ஆறு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருக்கு ஜுரம் வரும், செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். அன்று செவ்வாய் என்பதால் வந்திருந்தார்.

உயரமானியின் பின்பக்கம் காற்று நுழைய ஒரு சின்னக் குழாய் வாய் உண்டு. அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. வெள்ளி நிறம். கத்தரிக்கோலால் வெட்டியதில்லை. பல்லால் கடித்துக் கிழித்தது. எங்கள் தொழிலில் அது சகஜம். கத்தரிக்கோலை எங்காவது வைத்து மறந்துவிட்டால் அது விமானத்தோடு பறந்துவிடும். அதனால் அவசரத்துக்குப் பல்தான். விளிம்பில் பல் தடம் வரிசையாகத் தெரிந்தது. நடுவில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி.

விற்றவரை மனதுக்குள் திட்டிவிட்டு டேப்பை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பம்ப்பை மாட்டிக் காற்றைக் குறைத்தேன். ஊசி ஏறியது. ஆயிரம் அடி, இரண்டாயிரம், ஐயாயிரம். காற்றை விட்டேன், இறங்கியது. அருமையான கருவி. கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்து ஐம்பத்தைந்துக்குத் திரும்பி வந்தேன்.

குழாய் வாயில் டேப் இருந்தது.

வெள்ளி நிறம். பல் தடம். நடுவில் இடைவெளி.

ஜுரத்தைப் பார்த்தேன். அவர் தன் வேலையில் மூழ்கியிருந்தார். விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து, எந்த விளையாட்டு என்று கேட்டார். அந்த மனிதருக்கு நடிக்க வராது. திங்கட்கிழமை லீவு கேட்கும்போதே குரல் நடுங்கும் ஆள்.

குப்பைத் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். நான் போட்ட டேப் அங்கே இல்லை. சரி, யாரோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி உரித்தேன். அப்போதுதான் வாசனை வந்தது… சோப்புத் தண்ணீர் வாசனை. விமானம் கழுவும் இடத்தில் அடிக்குமே, அது. எங்கள் அறையில் அதற்கு வேலையே இல்லை. கருவிகள் துரு ஏறக் கூடாது என்பதற்காக ஈரம் நுழையாமல் மூடி வைத்திருக்கும் அறை அது. சுவரில் ஈரப்பதமானி இருக்கிறது. எப்போதும் நாற்பதில் நிற்கும்.

அறுபத்தொன்றில் நின்றது.

பதினொன்று இருபது. பம்ப்பை மறுபடி மாட்டினேன். எங்கள் தளம் கடல் மட்டத்திலிருந்து நூற்றிருபது அடி உயரத்தில் இருக்கிறது. ஊசி நூற்றிருபதில் நிற்க வேண்டும். நின்றது முந்நூற்று நாற்பதில். காற்றைக் குறைத்தேன், அசையவில்லை. இன்னும் குறைத்தேன், அசையவில்லை. சரிபார்க்க மேசையில் வைத்திருக்கும் துல்லியமான தாய்க்கருவி மூவாயிரம் காட்டியது. இது முந்நூற்று நாற்பதிலேயே நின்றது.

ஊசி ஒட்டிக்கொண்டால் நாங்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். நகத்தால் கண்ணாடியை மெல்லத் தட்டுவோம். தட்டினேன்.

டொக்.

அசையவில்லை. கையை எடுத்தேன்.

டொக்… டொக்… டொக்.

நான் தட்டவில்லை.

சத்தம் கண்ணாடிக்கு உள்ளிருந்து வந்தது. நாலு விநாடி இடைவெளி. பிறகு…

டொக்.

ஜுரம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. என் இரண்டு கையும் மடியில் இருந்ததை அவர் பார்த்தார். மெல்ல எழுந்தார்.

"எனக்கு ஜுரம் வர்ற மாதிரி இருக்கு."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. வெளியே போய்விட்டார்.

நானும் போயிருக்க வேண்டும். ஆனால் காரணம் தெரியாமல் போக எனக்கு வராது. அந்தப் புத்திதான் என்னை அங்கே உட்கார வைத்தது. குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வாயில் டேப் இருந்தது… பம்ப் குழாய் மாட்டியிருந்த இடத்திலேயே, அதற்கு உள்பக்கமாக.

எங்களிடம் ஒரு பெரிய கண்ணாடி மூடி உண்டு. கவிழ்த்து வைத்த மணி மாதிரி இருக்கும். கருவியை அதற்குள் வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால், கருவி உயரத்தில் பறப்பதாக நினைத்துக்கொள்ளும். அதற்குள் ஒரு எறும்புகூட நுழைய முடியாது. பதினொன்று நாற்பத்தெட்டுக்கு டேப்பை என் கையால் உரித்தேன். குழாய் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. உயரமானியைச் சாய்வாக, பின்பக்கமும் தெரிகிற மாதிரி உள்ளே வைத்து மூடினேன். பம்ப்பைப் போட்டேன்.

ஊசி ஏறியது. ஆயிரம். இரண்டாயிரம். எனக்கு மூச்சு வந்தது. நாலாயிரம்.

பிறகு ஊசி இறங்கத் தொடங்கியது.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தாய்க்கருவி ஆறாயிரம், ஏழாயிரம் என்று ஏறியது. உள்ளே இருந்தது மட்டும் மூவாயிரம்… ஆயிரம்… முந்நூற்று நாற்பது. நின்றது.

டொக்… டொக்… டொக்.

…டொக்.

காற்று குறைந்தால் சத்தமும் குறைய வேண்டும். அது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் காற்று குறையக் குறையச் சத்தம் கூடியது. பத்தாயிரம் அடியில் மேசை அதிர்ந்தது.

ஈரப்பதமானி எண்பத்தெட்டு.

பின்பக்கம் பார்த்தேன்.

டேப்.

மூடிய கண்ணாடிக்குள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் ஒரு கட்டைவிரல் தடம் பதிந்தது. ஈரத்தடம். டேப்பை அழுத்தி ஒட்டுகிற மாதிரி, இடமிருந்து வலமாக நகர்ந்தது.

எனக்குக் கத்தவும் வரவில்லை. ஆனால் மூளையின் ஒரு மூலை மட்டும் வழக்கம்போல வேலை செய்தது. இந்த டேப்பை எதற்கு ஒட்டுவார்கள்? காற்று ஓட்டையை அடைக்க. எப்போது அடைப்பார்கள்? கழுவும்போது. நேற்று எந்த விமானத்தைக் கழுவினார்கள்…

நான் ஓட்டையைத் தொடவில்லை.

மணி பன்னிரண்டு ஒன்று.

தம்பியின் செல்போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தான், அதுவும் விதி. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அடித்தேன். வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடினேன். படியில் ஒரு செருப்பு போனது, எடுக்கவில்லை. ஹேங்கர் வழியாக ஓடும்போது கொக்கியில் கிடந்த இரண்டு சிவப்பு ரிப்பனையும் பிடுங்கிக்கொண்டேன். ஏன் பிடுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே விமானம் நின்ற இடம் காலியாக இருந்தது.

தூரத்தில் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. மேகம் தலைமேல் இடிப்பது மாதிரி தொங்கியது. விமானங்களைக் கழுவுகிற அண்ணன் டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பல்செட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், வாய் நிறையக் கட்டின பல். நான் தாவி ஏறி விமானத்தைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தவர் கேள்வி கேட்காமல் டிராக்டரைக் கிளப்பினார். அந்த ஒரு விஷயத்துக்கு அவருக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டவள்.

விமானம் ஓடுபாதை முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் டிராக்டரில் எழுந்து நின்று ரிப்பனை ஆட்டினேன். கத்தினேன். இரண்டு இன்ஜின் சத்தத்தில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. ஆட்டினேன், ஆட்டினேன்…

பன்னிரண்டு ஒன்பதுக்கு ஒரு இன்ஜின் நின்றது. பிறகு மற்றது.

இடது விலாவுக்கு ஓடினேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன். விளிம்பு கிளம்பியது. வெள்ளி நிற உடம்பில் வெள்ளி நிற டேப், ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. உரித்தேன். வலது பக்கம் போனேன். அங்கேயும்.

தம்பி இறங்கி வந்தான். என் கையில் இருந்த இரண்டு துண்டையும் பார்த்தான். அவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"நான் கொக்கியத்தான் பாத்தேன்," என்றேன்.

அவன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

"மேகம் ஐநூறு அடியிலயே இருக்குக்கா," என்றான்.

நான் அழுதேன். சின்ன வயதில் அவன் கீழே விழுந்தால் நான் தூக்குவேன். அன்று அவன்தான் என்னைப் பிடித்துக்கொண்டான். பல்செட்டு அண்ணன் இன்னொரு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அறைக்குத் திரும்பும்போது பன்னிரண்டு நாற்பது. ஜுரம் வாசலில் நின்றிருந்தார், உள்ளே போகவில்லை. ஈரப்பதமானி நாற்பதில் நின்றது. பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடி அப்படியே இருந்தது, விளிம்பில் கிரீஸ் கலையவில்லை. உள்ளே உயரமானி தாய்க்கருவியோடு சேர்ந்து ஒரே உயரத்தைக் காட்டியது. டேப் இல்லை. மேசைமேல் இல்லை, குப்பைத் தொட்டியில் இல்லை. விமானத்திலிருந்து நான் உரித்த இரண்டு துண்டு மட்டும் என் சட்டைப்பையில் இருந்தது.

அவற்றை அன்று மாலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டிலும் பல் தடம். இரண்டிலும் நடுவில் ஒரு பல் இல்லை.

நடந்ததை மேலதிகாரியிடம் நானே சொன்னேன், ஓட்டையைத் தொடாமல் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். அறையில் நடந்ததைச் சொல்லவில்லை. ஆறு மாதம் கையெழுத்து உரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். குறைவு என்றுதான் எனக்குத் தோன்றியது. பழி எல்லாரையும் விட்டுப் பல்செட்டு அண்ணன் தலையில் வந்து விழப்பார்த்தது. சிவப்பு மூடிதான் போட்டேன், கழற்றிக் கொக்கியில் மாட்டினேன் என்று அவர் ஒரே பிடியாகச் சொன்னார். கிடங்கில் தேடினார்கள். அந்த மாதிரி டேப் எங்களிடம் ஒரு சுருள்கூட இல்லை. கடைசியில் அவர் விசாரணை மேசையிலேயே பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டார். இதை வைத்துக்கொண்டு நான் வாழைப்பழத்தையே யோசித்துத்தான் கடிப்பேன், டேப்பையா கடிப்பேன் என்று கேட்டாராம். அத்தோடு அவரை விட்டுவிட்டார்கள்.

உயரமானியை மறுநாளே பெட்டியில் போட்டு விற்றவருக்குத் திருப்பி அனுப்பினேன். நீங்கள் அனுப்பிய பெட்டி காலி என்று அவர் இன்றைக்கும் எங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அதன் வரிசை எண்ணை நான் சோதனைத் தாளில் எழுதியிருந்தேன். என்னோடு படித்தவள் ஒருத்தி விமான விபத்து அறிக்கைகளைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்த எண்ணை அவளிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு உறை வந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கை. வேறொரு தளம். கடல் மட்டத்திலிருந்து முந்நூற்று நாற்பது அடி. இரண்டு இன்ஜின் விமானம், முந்தின நாள் கழுவியது. தூறல், தாழ்ந்த மேகம், செவ்வாய்க்கிழமை. ஈரத்தில் சிவப்பு மூடி நிற்கவில்லை என்று ஒரு கருவிப் பணியாளர் வெள்ளி டேப்பால் ஓட்டைகளை அடைத்திருக்கிறார். மூடிகள் கொக்கியிலேயே தொங்கியிருக்கின்றன. மறுநாள் காலை அதே ஆள் கொக்கியில் ரிப்பனை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தளத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்ததாம். கையெழுத்துப் போட்டவர் முதல் பறப்பில் விமானிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லாததை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

உயரமானியின் படமும் இருந்தது. நசுங்கி, கருகி, கண்ணாடியே இல்லாமல். வரிசை எண் மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. என் தாளில் நான் எழுதிய அதே எண்.

இதற்கு நீங்கள் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. மூடிகள் கொக்கிக்கு வந்த பிறகு தம்பியின் விமானத்தில் டேப் ஒட்டியது யார்? செத்துப்போன அந்தப் பணியாளர்தான் என்றால், ஒட்டியவரே எதற்காக என்னைத் தட்டிக் கூப்பிட்டார்? செய்த தப்பையே திரும்பச் செய்துவிட்டு, அதைத் தடுக்கவும் அவரே ஓடி வர வேண்டும் என்று யாராவது அவருக்கு விதித்திருக்கிறார்களா? எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு ஓட்டையையும் இரண்டு தடவை தொடுகிறேன். தொடும்போது சில நாள் சோப்பு வாசனை வரும். கையை எடுப்பதில்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கம் ஒலிப்பதிவு. விமானி அறையில் பதிவானதை நேரத்தோடு எழுதியிருந்தார்கள். ஈரத் தரையில் நின்று நான் தம்பியிடம் சொன்னதை அவனையும் பல்செட்டு அண்ணனையும் தவிர யாரும் கேட்கவில்லை. எந்தத் தாளிலும் நான் அதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அது இருந்தது. அப்படியே தருகிறேன்.

12.13.50. விமானி: "ஏறுதா இல்லையா? முந்நூத்தி நாப்பதுலயே நிக்குது."

12.13.58. கண்ணாடியை விரலால் தட்டும் சத்தம், மூன்று முறை.

12.14.02. அதே சத்தம், ஒரு முறை.

12.14.05. பணியாளர்: "நான் கொக்கியத்தான் பாத்தேன்."

அதற்குப் பிறகு பதிவில் எதுவும் இல்லை.